துரு எடுத்தவள்

"கடையை என் பேருக்கு எழுதிக் கொடுங்கப்பா."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் நழுவி விழுந்தது. வேறு எதை வேண்டுமானாலும் கேள், கறிக்கடையை மட்டும் வாய்தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டே விட்டாள்.

அப்பா பல் குத்துவதை நிறுத்தவில்லை. "காலேஜ்ல என்ன படிச்சே?"

"வணிகவியல்."

"அதுல ஆடு உரிக்கச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அதை உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டேன். நீங்க மூட்டுவலின்னு படுத்தப்பல்லாம் கட்டைக்கு முன்னாடி நின்னு வெட்டினது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"வாய் மட்டும் முழ நீளம்." அவர் பரணிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். அவர் தொழில் தொடங்கிய காலத்து இரும்புக் கத்திகள், செங்கல் நிறத்தில் கலகலவென்று சரிந்தன. "முதல்ல இதுங்களுக்குத் துருவை எடு. அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசலாம்! 'முடியாது' தவிர வேறொரு பதில் அந்த வாயிலிருந்து வந்ததே அதிசயம். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சாக்கோடு பின்கட்டுக்குப் போனாள்.

மரப்பிடி நனையாமல், அலகு மட்டும் முங்கும்படி கத்திகளை வினிகரில் நிறுத்தினாள். துரு இளகியதும் கம்பி நாரால் தேய்த்தாள். குழி விழுந்த இடங்களில் செங்கல் பொடியைக் குழைத்து வைத்து, விரல் எரிய எரியத் தேய்த்தாள். புளிப்பு தங்கினால் இரும்பை அரிக்குமே என்று சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, அடுப்புச் சூட்டில் காட்டிச் சாணைக்கல்லில் தீட்டினாள்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "பொம்பளைப் புள்ள கறி வெட்டினா எவன்டி கட்டுவான்?"

"வெட்டிப் போட்டா திங்கிறாங்கல்ல, அவங்கள்ல ஒருத்தன் கட்டட்டும்."

அப்பா ஒவ்வொரு கத்தியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்கையில் வைத்து இழுத்தார். முடி சரசரவென்று உதிர்ந்தது. "பரவாயில்லையே! தோலுறையில போட்டு வை."

"தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்ப்பா, மறுபடி துரு ஏறிடும். எண்ணெய் தடவித் துணியில சுத்திடறேன்."

"அட, கெட்டிக்காரி!"

பட்டம் வாங்கி வந்த அன்றுகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. "இப்பப் பேசலாமாப்பா?"

"பேசறதுக்கு என்ன இருக்கு? சந்தையில கறி வெட்டறானே நெட்டையன், அவனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். விஷயத்தை இன்னும் சொல்லல. இந்தச் சுத்துவட்டாரத்துல அவன் கைக்கு ஈடு கிடையாது. கத்தியைப் பாத்தாலே மயங்கிடுவான். உன்னைக் கட்டிக்கிட்டான்னா கடையை அவன் பேருக்கு எழுதிடறேன். எப்படியும் உன் வீட்டுலதானே இருக்கப்போவுது?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷத்தில்.

மகள் கடைசிக் கத்தியையும் துணியில் சுற்றிவிட்டுக் கை கழுவினாள். நகக்கண்ணில் ஒட்டிய துரு மட்டும் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே? நாளைக்கு அவன் வரும்போது நீ வீட்டுல இருக்கணும்."

"அவர் வரமாட்டார்ப்பா. பின்தெருவுல புதுசா ஒரு கறிக்கடை வருது. அங்க நேத்தே வேலைக்குச் சேர்ந்துட்டார்."

அப்பா துள்ளி எழுந்தார். "எவன்டா அவன், என் பொழைப்புல மண்ணள்ளிப் போடறவன்?"

"நான்தான்ப்பா," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா அந்தக் கடையைத் திறக்காமலே விட்டிருப்பேன்."