தால்ச்சா தாங்காத தட்டு

முதல் சொட்டு ரூஹியோட கால் கட்டைவிரல்லதான் விழுந்துச்சு.

குனிஞ்சு பார்த்தா. தால்ச்சா! கையில புடிச்சிருந்த தட்டோட அடிப்பக்கம், டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு.

"போச்சு!"

அக்கா சிம்ராவுக்கு இன்னிக்கு நிச்சயம். சாந்தோம்ல ஒரு சின்ன ஹால். மாப்பிள்ளை தௌஃபீக் வீட்டு லேடீஸ் மொத்தமும் சேர்ல உக்காந்து, தட்டை மடியில வெச்சு சாப்புட்டுக்கினு இருக்காங்க. எல்லார் தட்டுலயும் பிரியாணி, அது மேல ஊத்திக்க கொதிக்கக் கொதிக்க பருப்புக் கொழம்பு, அதான் தால்ச்சா. எல்லார் மடியிலயும் பட்டுப் புடவை!

தட்டு ரூஹியோட செலக்‌ஷன். கரும்புச் சக்கையில செஞ்சது. "மண்ணுல போட்டா மக்கிடும்மா! நம்ம விசேஷத்துல துளி பிளாஸ்டிக் இருக்கக் கூடாது"ன்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கினா. அதுலயும் மேல பிளாஸ்டிக் பூச்சே இல்லாத தட்டா தேடித் தேடி. டெஸ்ட் கூட பண்ணா, பாவம். பைப் தண்ணி ஊத்தி. சூடா தால்ச்சா ஊத்தி யாரு டெஸ்ட் பண்ணுவா?

அம்மா வஜீஹா பக்கத்துல வந்து பல்லைக் கடிச்சாங்க.

"மெலமைன் தட்டு வாடகைக்கு எடுக்கலாம்னு சொன்னேனே, கேட்டியாடி? ஷகீலா கண்ணுல பட்டுது, அவ்ளோதான்!"

ஷகீலா, மாப்பிள்ளைக்கு அத்தை. தன் பொண்ணையே தௌஃபீக்குக்குக் குடுக்கலாம்னு இருந்தவங்க. வந்ததுலேர்ந்து எதுடா சாக்குன்னு பார்த்துக்கினு இருக்காங்க.

ரூஹி புதுத் தட்டுங்களை அள்ளிக்கினு ஓடினா.

"ஆன்ட்டி, அடியில இன்னொண்ணு வெச்சுக்கோங்க. புடிக்க நல்லா இருக்கும்!"

"ஏம்மா, ஏற்கெனவே தட்டு இருக்கே?"

"இருக்கட்டும் ஆன்ட்டி, இதான் இப்ப ஸ்டைல்!"

ஷகீலாவுக்கு மட்டும் ரெண்டு எக்ஸ்ட்ரா.

கடைசி சேர்ல மாப்பிள்ளையோட அம்மா, அன்வரி பேகம். ரூஹி கீழ எட்டிப் பார்த்தா. தரையில ஒரு சொட்டு இல்ல. அப்பாடா!

"ஆன்ட்டி, இந்தத் தட்டை..."

"வேணாம்மா."

தட்டை ரெண்டு கையாலயும் மடியோட அழுத்திப் புடிச்சிருந்தாங்க. முகத்துல சிரிப்பே இல்ல. பிரியாணி பாதி அப்படியே கெடக்கு.

சாப்பாடு முடிஞ்சுது. இனி மாப்பிள்ளையோட அம்மா எழுந்து வந்து பொண்ணுக்குப் பூ வெக்கணும். வெச்சாதான் நிச்சயம். மேடையில சிம்ரா தலையைக் குனிஞ்சுக்கினு காத்திருக்கா.

அன்வரி பேகம் எழுந்திரிக்கல.

"பாபி, வாங்க"ன்னு ஷகீலா அண்ணியைக் கூப்பிட்டாங்க.

"நீ போ. கொஞ்ச நேரம் ஆகட்டும்."

கொஞ்ச நேரம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நேரமும் ஆச்சு. ஹால் முழுக்க குசுகுசுன்னு பேச்சு.

"பாபிக்கு மனசு மாறிடுச்சோ என்னவோ"ன்னு ஷகீலா சத்தமாவே சொன்னாங்க. மேடையில சிம்ராவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வஜீஹா முந்தானையை வாயில வெச்சுக்கினு நிக்கறாங்க.

ரூஹி அன்வரி பேகத்தையே பார்த்தா. தட்டு ஒழுகினதைப் பார்த்துட்டாங்களா? ஒரு பாழாப்போன தட்டால அக்கா கல்யாணமே நின்னுடுமா?

அப்பதான் அன்வரி பேகம் விரலை ஆட்டிக் கூப்பிட்டாங்க. ரூஹியை மட்டும்.

"என் புர்கா உள் ரூம்ல இருக்கு. எடுத்துக்கினு வா."

அவ்ளோதான். கெளம்புறாங்க. பூ வெக்காமலே! ரூஹி ஓடிப் போய் புர்காவைக் கொண்டு வந்தா.

"ஆன்ட்டி, தப்பு எம்மேலதான். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. ப்ளீஸ் ஆன்ட்டி..."

"ஷ்ஷ்! அழாத. இப்படி முன்னால வந்து நில்லு. ஷகீலாவுக்குத் தெரியாம மறைச்சுக்கோ."

தட்டை மெதுவா தூக்கினாங்க. அடியில, வெளிர் ரோஸ் பட்டுல, மடி முழுக்க மஞ்சளா தால்ச்சா. அத்தனையையும் புடவையே குடிச்சிருந்துச்சு.

"அய்யோ, சுட்டுச்சா ஆன்ட்டி?"

"சுடாம? 'ஆ'ன்னு கத்தியிருந்தா, கல்யாணம் முடிஞ்சும் உங்கக்காவை இதைச் சொல்லியே குத்திக்கினு இருப்பா அவ."

புர்காவை மாட்டிக்கினு எழுந்தாங்க. "இன்னா ஏசியோ இது, குளுரு தாங்கல!"ன்னு ஹாலுக்கே கேக்குற மாதிரி சொல்லிக்கினே போய், சிம்ரா தலையில பூ வெச்சாங்க.

உங்க வீட்டு விசேஷத்துலயும் யாராவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு உக்காந்திருந்தாங்களா? ஏன்னு அப்புறமாவது தெரிஞ்சுதா?