உள்ளி

“நீ அடுப்படிப் பக்கமே வரவேணாம். போய் முன்னால உட்காரு.”

வந்திருந்த சொந்தக்காரர்கள் எதிரிலேயே மயிலம்மாள் மருமகள் அனுஷியாவிடம் சொல்லிவிட்டாள்.

“சிலோன்காரப் பொண்ணுலா. அண்ணி இன்னும் சட்டியைத் தொட விடல போல.” மயிலம்மாளின் நாத்தனார் செல்லம் பக்கத்து நாற்காலியிடம் சொன்னது அனுஷியாவுக்கும் கேட்டது.

மலேசியாவில், சிரம்பான் பக்கத்து லாபு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மறுநாள் மயிலம்மாள் வீட்டில் ஆட்டுக்கறி. அவள் நசுக்கிப் போடும் பூண்டு தெருமுனை வரை மணக்கும்.

அனுஷியாவின் பயமே அந்த மணம்தான். கொஞ்ச நாளாகப் பூண்டு வாசம் பட்டாலே குமட்டல். போன முறை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது, மாமியாருக்குக்கூட, என்று அவளும் கணவன் ஷங்கரும் முடிவு செய்திருந்தார்கள்.

நேற்று மாமியார் சம்பலுக்குப் பூண்டு இடித்தபோது, கொடியில் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிப் பின்பக்கம் ஓடினாள். கொடியில் ஒரு துணியும் இல்லை.

இன்று பந்தியில் எழுந்து ஓடினால் செல்லத்துக்குத் தெரிந்துவிடும். செல்லத்துக்குத் தெரிந்தால் சிரம்பானுக்கே தெரிந்த மாதிரி.

இலை போட்டார்கள். கறி வந்தது. அனுஷியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நேரம் பிடிப்பது? மெல்ல விட்டாள்.

மிளகு மணத்தது. சோம்பு மணத்தது. பூண்டைக் காணோம்.

“என்ன அண்ணி, பூண்டு வாங்க மறந்துட்டீங்களா?” என்றாள் செல்லம். “கறி மணக்கவே இல்லையே.”

“அண்ணிக்கு பென்ஷன் குடுத்துடலாம்லா,” என்றார் மயிலம்மாளின் கொழுந்தனார் ஹேமநாதன். பந்தியே சிரித்தது.

“வயசாச்சுல்ல, கை மறந்துபோச்சு,” என்று மயிலம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

அனுஷியாவுக்குப் போன தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது, மாமியார் பூண்டு நசுக்குவதைப் பார்த்துத் தான் பேசியது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தில் அன்று வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமி, முழு உள்ளிக்கு அந்த மணம் இல்லை. நசுக்கினாத்தான் உள்ளுக்குள்ள தனியா இருக்கிற நொதி மற்றதோட சேர்ந்து மணத்தை உண்டாக்கும். முழுசாக் கொதிதண்ணியில போட்டா நொதி செத்துடும். பிறகு எவ்வளவு அரைச்சாலும் மணக்காது.”

“உள்ளியாம், நொதியாம். இந்த வீட்டுல அது பூண்டு. பாடத்தை ஸ்கூல்ல வச்சுக்கம்மா.”

அதே மாமியார் இப்போது கறிச்சட்டியோடு அவள் இலைப்பக்கம் குனிந்தாள். கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழுந்தது. காதருகே குரல் தணிந்தது.

“பயப்படாம சாப்பிடு. உள்ளிய முழுசா அவிச்சுட்டுத்தான் அரைச்சேன். நீ எப்பச் சொல்றியோ, அப்பத் தெரிஞ்சுக்கறேன்.”