ஓரத்துப் பெட்டி

“இந்தப் பெட்டியை மட்டும் எடுத்துட முடியுங்களா?”

மருமகன் திரையைத் தொடாமல் விரலால் காட்டினார். டிசைனர் பெண் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள்.

பெரியவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அதன் வலைத்தளத்தைப் புதுப்பிக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகலாம் என்பதற்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும். பெட்டியும் கோடுமாகப் படம் போடுகிற மென்பொருளில் பழைய வரைபடம் இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குப் பெட்டி ஒரு கோடு. உச்சியில் முகப்பு. அதன் கீழே கட்டணம், நேரம், பயிற்சியாளர்கள். பயிற்சியாளர்களுக்கும் கீழே, ஓரமாக, பெரியவரின் மகள்.

அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. இந்த வரைபடத்தைப் போட்டதும் அவள்தான்.

“எடுக்க வேணாம்,” என்றார் பெரியவர்.

“மாமா, வீட்லயே பேசிட்டோமே.”

“நீங்க பேசினீங்க மாப்பிள்ளை. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

டிசைனர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். “அவ பக்கத்தைப் பார்த்துட்டு இன்னமும் கூப்பிடறாங்கம்மா. ஆபீஸ்ல ஒரு பழைய போன் இருக்கு. யாரு நம்பர்னுகூடக் காட்டாது. வாரத்துல ஒரு தடவையாவது அடிச்சிடும். ‘மேடம் இருக்காங்களா, அவங்ககிட்டதான் கத்துக்கணும்’பாங்க. வண்டியில வெளிய போயிருக்கான்னு சொல்லுவேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவ வெளியதான் போயிருக்கா.”

“எத்தனை நாளைக்கு மாமா?” மருமகனின் குரல் இறங்கிவிட்டது. “அடுத்த மாசம் நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிடுவேன். நீங்க பொழுதன்னிக்கும் அந்த போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பீங்க. சாப்பிடச் சொல்லக்கூட ஆள் இருக்காது.”

“நீங்க சொல்லித்தான் சாப்பிடறேனா?”

“ஆமா.”

மருமகன் எழுந்தார். “டீ வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள யோசிச்சு வைங்க.”

மாடிப்படியில் காலடிச் சத்தம் தேய்ந்ததும், பெரியவர் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதென்னம்மா, எல்லாக் கோடும் கீழயே போகுது. ஒன்வேயா?”

“இல்லைங்க சார். எங்க போனாலும் முகப்புக்குத் திரும்பி வந்துடலாம்.”

“எங்க போனாலுமா?” என்று கேட்டவர் ஓரத்துப் பெட்டியை விரலால் தொட்டார். பிறகு, “அப்ப அவளை ஓரத்துல விடாத. நடுவுல கொண்டா,” என்றார்.

டிசைனர் பெண் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். பெட்டி வந்தது. கோடு வரவில்லை, இருந்த இடத்திலேயே நின்றது.

கோட்டின் நுனியைப் பெட்டியின் விளிம்பில் ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டியிருந்தால் பெட்டி போகிற இடமெல்லாம் கோடும் கூடவே வரும். கிட்டே கொண்டுபோய் விட்டுவிட்டாலும் பார்வைக்கு ஒட்டினதுபோலத்தான் இருக்கும்; அவசரத்தில் எல்லோரும் செய்கிற தவறு. ஆனால் அந்த வரைபடத்தை வைத்துத் தளம் கட்டும்போது, ஒட்டாத கோடு கணக்கில் வராது.

சந்தேகத்தோடு பழைய தளத்தைத் திறந்தாள். பயிற்சியாளர்கள் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். மகளின் பக்கத்துக்குப் போக எங்குமே வழியில்லை. பெட்டியில் குறித்திருந்த முகவரியை எழுத்து எழுத்தாக அடித்த பிறகுதான் திறந்தது. காரில் சாய்ந்து, சாவியை உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

“சார், இந்தப் பக்கத்துக்கு ஆரம்பத்துலேருந்தே இணைப்பு இல்ல,” என்று டிசைனர் பெண்ணுக்கு வாய் தவறி வந்துவிட்டது. “வெளியாள் யாரும் இதைப் பார்த்திருக்கவே முடியாது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பெரியவரின் முகத்தைப் பார்க்க அஞ்சி, மவுசை வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“அது எனக்குத் தெரியாதும்மா,” என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா கூப்பிடறது யாருன்னு தெரியும். வாயில கர்ச்சீப்பை வெச்சுக்கிட்டுப் பேசினா மட்டும் மாப்பிள்ளை குரல் எனக்குத் தெரியாமப் போயிடுமா? அவ போனதுலேருந்து என்கிட்ட நேர்ல அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்த போன்லதான் பேசறாரு. பெட்டி இருந்தா, அந்தச் சாக்குல எந்த தேசத்துக்குப் போனாலும் கூப்பிடுவாரு.”

அறை வாசலில் டீயோடு மருமகன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. உள்ளே வந்து இரண்டு கோப்பைகளை மேசையில் வைத்தார். மூன்றாவதைக் கையிலேயே மறந்து, படியிறங்கிப் போனார்.