நாலேகால் மணிக்குத் தலை பின்னியவர்

"நேத்து சாயந்திரம் நாலேகாலுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார் இதய டாக்டரம்மா.

மெக்கானிக் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

முப்பத்தைந்து வருஷமாக ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிறவர். படபடப்பாக வருகிறது என்று அவரே வந்து சொன்னதால்தான், ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்ன மெஷினை நெஞ்சில் மாட்டி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று அதில் எழுதி வர வேண்டும்.

டாக்டர் துடிப்பு பதிவான காகிதத்தை விரித்தார். "மத்தியானம் வரைக்கும் துடிப்பு கடிகாரம் மாதிரி இருக்கு. ஒரு மணிக்கு மேல தாறுமாறா ஓடுது. ஏழு மணிக்கு மறுபடியும் சரியாயிடுது. இது சாதாரண விஷயம் இல்லை. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"ஒன்றரை மணி, பாத்திரம் கழுவியது. மூணு மணி, துணி மடித்தது. நாலேகால், தலை பின்னியது."

படித்துவிட்டு நிமிர்ந்து மெக்கானிக்கின் தலையைப் பார்த்தார். அங்கே பின்னுவதற்கு ஒன்றுமே இல்லை. ஜன்னல் வெளிச்சம்தான் பளபளத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, அந்த மாத்திரையை அவருக்குக் கொடுத்துராதீங்க!" மனைவி பதறி எழுந்தார். "ஒரு மணிக்கு மேல அந்த மெஷினை மாட்டியிருந்தது நான்தான்."

"நீங்களா?"

"அரிக்குது, அரிக்குதுன்னு நெளிஞ்சாரு. பாக்கவே பாவமா இருந்துச்சு. சும்மா கழட்டி வெச்சா கெட்டுப்போயிடும், கொஞ்ச நேரம் நீ மாட்டிக்கோன்னாரு. வயரெல்லாம் அவரேதான் ஒட்டிவிட்டாரு. நோட்டுல பொய் எழுதக் கூடாதேன்னு நான் செஞ்சதை அப்படியே எழுதிட்டேன்."

மெஷின் மாட்டி அனுப்பிய டெக்னீஷியன் பெண் அங்கேதான் நின்றிருந்தார். அவருக்கு வந்ததே கோபம்!

"ஏன் ஐயா, ஒரு நாள் அரிப்பைப் பொறுத்துக்க முடியலையா? அதையும் பொண்டாட்டி தலையில கட்டிட்டீங்களே! எந்த வயர் எங்கன்னு பேப்பர்ல படம் போட்டு வாங்கிட்டுப் போனீங்க. ஸ்டிக்கர் வேற ரெண்டு செட் கூடக் கேட்டீங்க. எவ்வளவு பொறுப்பான மனுஷன்னு நினைச்சேன். எல்லாம் இதுக்குத்தானா?"

மெக்கானிக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க செஞ்ச வேலையில தப்பான ஆளுக்கு மாத்திரை போயிருக்கும், தெரியுமா?"

திட்டு வாங்குகிறவருக்கு ஒரு லட்சணம் வேண்டாமா? இவர் குனிந்துகொண்டு மீசைக்குள் சிரிப்பதுபோல்கூட இருந்தது.

டாக்டர் மட்டும் திட்டவில்லை. காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அப்போ இந்தத் தாறுமாறு உங்களோடது."

"எனக்கென்ன கேடு? கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். படி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்கும். அது யாருக்குத்தான் வாங்காது?"

"வாங்க, இப்படிப் படுங்க. ஒரு ஈசிஜி எடுத்துருவோம்."

"நான் அவருக்குத் துணைக்கு வந்தவ!"

"துணைக்கு வந்தவங்களுக்கும் நெஞ்சு ஒண்ணுதானே. படுங்கம்மா."

ஐந்து நிமிஷத்தில் காகிதம் வந்தது. அதே தாறுமாறு.

"இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்காம நடுங்குது. இப்படியே விட்டிருந்தா உள்ளே ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போய், பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டிருக்கும்." மனைவியின் கண் கலங்குவதைப் பார்த்து டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதீங்க. அதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம். ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, துடிப்பு நிதானமாக ஒரு மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டு, சொல்ற தேதிக்கு வந்தீங்கன்னா கவலையே இல்லை. எப்பவும்போல இருக்கலாம்."

அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

"குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரா முடிஞ்சிருக்கு," என்றார் டெக்னீஷியன். கோபம் பாதி இறங்கியிருந்தது. "குருட்டு அதிர்ஷ்டம்! ஆனா ஐயா, உங்களை விடுறதா இல்லை. புது ஸ்டிக்கர் போட்டு நாளைக்கு முழு நாளும் மாட்டப்போறேன். கழட்டினா பாருங்க."

"ஆமா, உங்க படபடப்பு என்னன்னு பாக்கணுமே," என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டரம்மா." மெக்கானிக் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எனக்குப் படபடப்பே வந்ததில்லை."

மூன்று பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"ஒரு வருஷமா ஆஸ்பத்திரிக்கு வாடின்னு கெஞ்சறேன். அடுப்புல வேலை இருக்கு, தலைக்கு மேல வேலை இருக்குன்னு சாக்கு சொல்றா. ஆனா எனக்கு ஒண்ணுன்னா செருப்புகூட மாட்டாம ஓடி வருவா. நோட்டைக் கையில கொடுத்தா பொய் எழுத மாட்டான்னும் தெரியும்."

"அடப்பாவி மனுஷா!" மனைவி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "எனக்குத் துடிப்பு சரியில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"தினம் வண்டியில பின்னாடி உக்காந்து என் முதுகுல சாஞ்சுக்கிட்டுத்தானே வர்றே? முப்பத்தஞ்சு வருஷமா எஞ்சின் பாக்கறவனுக்கு, முதுகுல மிஸ்ஸிங் அடிச்சா தெரியாதா?"