ஆவன செய்யவும்

"இது பாஸா, ஃபெயிலா சார்? எனக்குப் புரியலை."

துறைத்தலைவி விடைத்தாள் கட்டைப் பேராசிரியரின் மேசையில் பொத்தென்று போட்டார்.

மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டத்தில் பச்சை மையில் 'ஆவன செய்யவும்' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. நாற்பத்திரண்டு தாள்களிலும் அதேதான்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என் கையெழுத்துதான்" என்றார், இதில் யாருடைய சதி இருக்கும் என்று யோசிப்பவர்போல.

மாநிலக் கட்சி ஒன்றுக்குப் பதினெட்டு வருடம் தலைவராக இருந்தவர். கட்சி உடைந்து, உடைந்தது மறுபடி உடைந்து, மிஞ்சிய துண்டில் தனக்கே இடமில்லை என்றானதும், பழைய எம்.ஏ. சான்றிதழைத் தூசி தட்டிக்கொண்டு அரசியல் பாடம் நடத்த வந்துவிட்டார்.

"ஆவன யார் செய்யணும்? நானா, பியூனா?"

"கீழே இருக்கிறவங்க செய்வாங்க மேடம்."

"இங்க உங்களுக்குக் கீழே யாரும் கிடையாது."

இந்தச் செய்தி அவருக்குப் புதிது. குழப்பத்துடன் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு பேப்பராவது படிச்சீங்களா? உங்க உலகத்துல எல்லாம் சிபாரிசு, சலுகை. இது காலேஜ் சார். இங்க நியாயம்னு ஒண்ணு இருக்கு!"

அப்போது வாசலில் ஒரு மாணவி வந்து நின்றாள்.

"சார், மேற்படிப்புக்கு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். உங்க பாடத்துல அறுபது இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. என் மார்க் என்ன சார்?"

பேராசிரியர் சட்டென்று பேனாவை எடுத்தார். பழக்கதோஷம்.

"எவ்வளவு வேணும்மா?"

மாணவி திருதிருவென்று விழித்தாள். "எழுதினதுக்கு எவ்வளவோ, அவ்வளவு போதும் சார்."

அவர் இன்னும் குழம்பிப்போனார். பதினெட்டு வருடத்தில் அவரிடம் வந்து நின்றவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

மாணவியின் தாளைத் தேடி எடுத்து, பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். அரை மணி நேரம். கூட்டினார். நம்பிக்கை வராமல் மறுபடியும் கூட்டினார்.

"ஐம்பத்தேழும்மா." குரல் இறங்கியிருந்தது. "அஞ்சாவது கேள்வியில பாதியை விட்டுட்டியே."

"ஆமா சார். நேரம் பத்தலை."

மாணவியின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் தாளைப் புரட்டிப் பார்த்தவள், சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பேராசிரியர் பரீட்சை எழுதியவர்போல நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இப்ப நியாயமாத் திருத்தியிருக்கேனா?"

துறைத்தலைவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை அவருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூணு மார்க்குதானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க தலைவரே. அவ என் அக்கா பொண்ணு."