பத்து நிமிஷம்தான் போச்சு

செலியமேட்டு பலராமன் உயிரோடுதான் இருந்தார். மருத்துவக் காப்பீட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இறந்திருந்தார். செத்தவருக்கு டயாலிசிஸ் எதற்கென்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மகள் இளவரசி அவரைக் கைத்தாங்கலாக ஆபீசுக்கு அழைத்துவந்தாள். ஆபரேட்டர் ராஜ்மோகன் ஆளை நேரில் பார்த்து, உயிரோடு இருப்பதாகத் திருத்தினார். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் புகைந்து நின்றது.

மறுநாளும் ஆஸ்பத்திரியில் மறுத்தார்கள். அப்பாவை வீட்டில் கிடத்திவிட்டு இளவரசி ஓடிவந்தாள்.

“இன்னாத்துக்கும்மா பயம்?” என்றார் ராஜ்மோகன் பெருமையாக. “பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி வேற மிஷின்ல பேக்கப் எடுக்கறவன் நான். எல்லாத்தையும் மீட்டாச்சு. கடைசி பத்து நிமிஷம்தான் போச்சு.”

“அந்தப் பத்து நிமிஷத்துலதான சார் எங்கப்பாவுக்கு உசுரு குடுத்தீங்க?”

அவர் பதறிப்போய்க் கீபோர்டை இழுத்தார். “இதோ, மறுபடி குடுத்துடறேன்.”

இளவரசிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தாள்.

“வேணாம் சார். இப்ப அதுல இருக்கறதே சரிதான்.”