மடிப்புக்கு விட்ட துணி

மாலை வெயில் தையல் இயந்திரத்தின் ஊசிமுனையில் வந்து நிற்கிறது. நாளை மகளுக்கு ஐந்தாம் வகுப்புப் பெரிய பரீட்சை. அவள் தரையில் சம்மணமிட்டுக் கணக்குப் போடுகிறாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அம்மா புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். "ஒரு ஜன்னல் ரெண்டு மீட்டர் உயரம். அந்த மாதிரி மூணு ஜன்னலுக்குத் திரை போட எவ்ளோ துணி வேணும்?" மகள் வாய் திறப்பதற்குள் இயந்திரத்தின் சத்தம் நிற்கிறது. "ஆறே முக்கால்," என்கிறார் தையற்கார அப்பா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்பா சொன்னால் அளவு சரியாகத்தான் இருக்கும் என்று மகளும் அதையே எழுதுகிறாள். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்த அம்மா, பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறாள். "ஆறுதான். பிள்ளைய ஃபெயிலாக்கிடாதீங்க." "மேலயும் கீழயும் மடிச்சுத் தைக்க விட வேணாமா?" என்கிறார் அப்பா. "இந்தப் புத்தகம் எழுதினவன் வீட்டுத் திரையெல்லாம் அரை டவுசர் மாதிரிதான் தொங்கும்!" மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அழித்துவிட்டு ஆறு என்று எழுதுகிறாள். அப்பா முணுமுணுத்தபடியே நூலைக் கத்தரித்து, அவளுடைய பள்ளிப் பாவாடையை உதறி நீட்டுகிறார். போன வருடத்துப் பாவாடைதான். கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார். வெளுத்த நீலத்துக்குக் கீழே, இத்தனை நாள் வெயில் படாமல் மடிப்புக்குள் இருந்த துணி, வாங்கிய அன்றைய நிறத்தில் ஒரு பட்டையாகப் பளிச்சென்று தெரிகிறது. அவள் எழுந்து இடுப்பில் வைத்துப் பார்க்கிறாள். முழங்காலைச் சரியாக மூடுகிறது. அந்தப் பட்டையை விரலால் தடவுகிறாள். "அப்பா, நீங்க சொன்ன அளவுதான் சரி. நாளைக்கு மட்டும் ஆறுன்னு எழுதிட்டு வந்துடறேன்."